ஷிஜிங்ஷானிலிருந்து தாங்ஷானுக்கு: பக்கத்து நகரத்துக்குப் போன புகை – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு சீனத் தலைநகர் பெய்ஜிங்கையும், அதற்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாங்ஷான் நகரத்தையும் பற்றியது. 2005-ல் எடுத்த ஒரு முடிவில் தொடங்கி 2021 வரை நடந்ததை வரிசையாகச் சொல்கிறது. முடிவெடுத்த அதிகாரிகள், ஆலைத் தொழிலாளர்கள், பக்கத்து மாகாணத்து மக்கள் என யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஒரு நகரம் தன் காற்றைச் சுத்தம் செய்யும்போது அங்கிருந்த அழுக்கு எங்கே போகிறது என்ற கேள்விக்கு, இத்தனை ஆண்டுகளும் இத்தனை அளவீடுகளும் சேர்ந்து பதில் சொல்லும் நிகழ்வுகள் அதிகம் இல்லை.

பின்னணி

பெய்ஜிங்கின் மேற்கு ஓரத்தில் ஷிஜிங்ஷான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1919-ல் தொடங்கிய இரும்பு ஆலைதான் பிற்காலத்தில் ஷோகாங் என்ற பெரிய எஃகு நிறுவனமாக வளர்ந்தது. ஆரம்பத்தில் ஆலை ஊருக்கு வெளியே இருந்தது. நகரம் வளர வளர, வீடுகளும் சாலைகளும் ஆலையைச் சுற்றி வந்துவிட்டன. தியானன்மென் சதுக்கத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், 1990-களில் ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டன் எஃகு உற்பத்தியானது. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. ஜன்னல் விளிம்பில் படிகிற கரித்தூளும் அந்தக் குடும்பங்களுக்குப் பழகிப்போனதுதான்.

நில அமைப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் அதைச் சார்ந்தது. பெய்ஜிங், வட சீனச் சமவெளியின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. மேற்கே தைஹாங் மலைத்தொடர், வடக்கே யான் மலைகள். தெற்கும் கிழக்கும் திறந்த வெளி. வடமேற்கிலிருந்து காற்று வீசினால் நகரம் ஒரே இரவில் துடைத்தது போலாகிவிடும். அந்த அழுக்கு தியான்ஜின் பக்கமும் ஹெபெய் மாகாணத்தின் பக்கமும் போகும். தெற்கிலிருந்து மெல்ல வீசினால் கதை தலைகீழ். சமவெளியின் புகையெல்லாம் மலையடிவாரம் வரை வந்து, மேலே ஏறவும் முடியாமல், திரும்பவும் வழியில்லாமல் நின்றுவிடும். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே இருக்கும் காற்று சூடாகவும் இருந்தால், அதன் மேல் மூடி போட்டது மாதிரிதான்.

ஹெபெய் மாகாணம் பெய்ஜிங்கையும் தியான்ஜினையும் ஏறக்குறைய முழுதாகச் சுற்றி இருக்கிறது. நிர்வாக எல்லைக்கு இந்தப் பக்கம் தலைநகரின் வருமானம், அந்தப் பக்கம் எஃகு, சிமெண்ட், கண்ணாடி, நிலக்கரி. வேலைக்கும் வரிக்கும் அந்த மாகாணம் இந்தத் தொழில்களைத்தான் நம்பியிருந்தது.

முதல் முடிவு: ஆலையை நகர்த்துவது

2001 ஜூலையில், 2008 ஒலிம்பிக் பெய்ஜிங்குக்குக் கிடைத்தது. காற்று சுத்தமாகியாக வேண்டும் என்ற அழுத்தம் அதோடு வந்தது. நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு மாபெரும் எஃகு ஆலையை என்ன செய்வது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை.

அப்போது இருந்த வழிகள் மூன்று. அங்கேயே வைத்து நவீனப்படுத்துவது, மூடிவிடுவது, வேறு இடத்துக்குக் கொண்டுபோவது. நகருக்குள் வைத்து நவீனப்படுத்த இடமில்லை, தண்ணீரும் பற்றாக்குறை. மூடினால் பல்லாயிரம் பேர் வேலை போகும். ஆகவே 2005 பிப்ரவரியில் மத்திய அரசு இடமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேர்ந்தெடுத்த இடம், தாங்ஷான் எல்லைக்குள் போஹாய் கடலோரத்தில் இருக்கும் சாவோஃபெய்தியன். கடலை நிரப்பி நிலமாக்கிய இடம். ஆழ்கடல் துறைமுகம் இருப்பதால் இறக்குமதித் தாதுவைக் கப்பலிலிருந்து நேராக உலைக்குக் கொண்டுபோகலாம். பொருளாதாரக் கணக்கில் இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

பழைய உலைகளில் ஒன்றை 2005-லேயே மூடினார்கள். ஒலிம்பிக்குக்கு முன் உற்பத்தியைப் பெருமளவு குறைத்தார்கள். சாவோஃபெய்தியனில் 5,500 கனமீட்டர் கொள்ளளவுள்ள முதல் ஊதுலை (தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் உலை) 2009-லும், இரண்டாவது 2010-லும் எரியத் தொடங்கின. 2010 டிசம்பர் முடிவில் ஷிஜிங்ஷானில் எஃகு உற்பத்தி முழுதாக நின்றது.

தொழிலாளர் தரப்பில் நடந்ததை இரண்டு வரியில் கடந்துவிட மனமில்லை. பெய்ஜிங்கில் வசிப்பிடப் பதிவு உள்ள ஒரு குடும்பம் அதை எளிதில் விட்டுவிடாது. பிள்ளையின் பள்ளி, பல்கலைக்கழக இடம், பெற்றோரின் மருத்துவம் எல்லாம் அந்தப் பதிவோடு கட்டப்பட்டவை. அதனால் புதிய ஆலைக்குப் போன பலர் குடும்பத்தைப் பெய்ஜிங்கிலேயே விட்டுவிட்டு, வார நாளில் அங்கே தங்கி, வார இறுதியில் பேருந்தில் வந்து போனார்கள். மற்றவர்கள் வேறு வேலைக்கு மாறினார்கள், அல்லது முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். நகரத்துக்குச் சுத்தமான காற்று வந்ததில் இவர்கள் கொடுத்த பங்கு எந்த மாசுக் கணக்கிலும் ஏறவில்லை.

அப்போதே தெரிந்திருந்தது என்ன

காற்று எல்லை பார்க்காது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமில்லை. 2007-ல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு ஒலிம்பிக் அரங்கம் இருக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டது. அங்குள்ள நுண்துகளில் (பி.எம். 2.5) சராசரியாகச் சுமார் 34 சதவீதம் பெய்ஜிங்குக்கு வெளியிலிருந்து வருகிறது என்று அது சொன்னது. தெற்கிலிருந்து தொடர்ந்து காற்று வீசும் நாட்களில் ஹெபெயின் பங்கு மட்டுமே 50 முதல் 70 சதவீதம் வரை போகலாம் என்றும் காட்டியது.

இதை நம்பித்தான் 2008 கோடையில் பெய்ஜிங்கோடு சேர்த்துத் தியான்ஜின், ஹெபெய், ஷான்ஷி, உள் மங்கோலியா, ஷாண்டாங் பகுதிகளிலும் ஆலைகளைக் கட்டுப்படுத்தினார்கள். கார்கள் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்து மாற்று நாட்களில் ஓடின. காற்று தெளிந்தது. விளையாட்டு முடிந்து ஓர் ஆண்டு வாக்கில் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்தும் போனது.

ஆக, ஒரே சமயத்தில் இரண்டு விதமான நடவடிக்கைகள் நடந்தன. விளையாட்டு நடந்த சில வாரங்களுக்கு ஆறு பகுதிகளும் ஒரே வானத்தின் கீழ் இருப்பதாக வைத்துத் திட்டம் போட்டார்கள். பத்தாண்டுக் கணக்கில் நிற்கப்போகும் ஆலையை நகர்த்தும்போது மட்டும், எல்லை தாண்டினால் போதும் என்பது போல நடந்துகொண்டார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். அறிவு கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தியது விருந்தாளிகள் வந்திருந்த நாட்களுக்கு மட்டும்.

2013: அளவீடு வெளியே வந்தபோது

2013 ஜனவரி முதல் 74 சீன நகரங்களின் நுண்துகள் அளவுகள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகத் தொடங்கின. அதே மாதம் 12-ம் தேதி பெய்ஜிங்கில் சில நிலையங்கள் ஒரு கனமீட்டருக்கு 700 மைக்ரோகிராமுக்கு மேல் காட்டின. சீனாவின் அன்றைய ஆண்டுச் சராசரி வரம்பு 35. உலக சுகாதார நிறுவனம் அன்று பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி 10. 2021-ல் அதையும் 5 ஆகக் குறைத்தது.

பெரிய எஃகு ஆலை போய் இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் இதுதான் நிலை. 2013 முழு ஆண்டுக்கும் பெய்ஜிங்கின் சராசரி 89.5. தாங்ஷானின் சராசரி 115. அந்த 74 நகரங்களில் காற்று மிக மோசமான பத்தில் ஏழு ஹெபெயில் இருந்தன: சிங்தாய், ஷிஜியாஜுவாங், ஹான்டான், தாங்ஷான், பாவோடிங், ஹெங்ஷுய், லாங்ஃபாங். அந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் தலைநகரின் தெற்கையும் கிழக்கையும் அப்படியே சுற்றி வளைக்கும்.

2014 ஏப்ரலில் பெய்ஜிங் நகர நிர்வாகம் தன் மாசு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கை வெளியிட்டது. 64 முதல் 72 சதவீதம் உள்ளூர். 28 முதல் 36 சதவீதம் வெளியிலிருந்து. உள்ளூர்ப் பங்கில் முதலிடம் வாகனங்களுக்கு, அடுத்தது நிலக்கரி. இந்த எண்களை எல்லாரும் தங்களுக்கு வசதியான பக்கத்திலிருந்து படித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹெபெயைக் குறை சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கைக் காட்டினார்கள். மற்றவர்கள் மீதி இரண்டு பங்கைக் காட்டினார்கள். இரண்டுமே உண்மை.

மாசு இடம் மாறியது மூன்று வழிகளில். ஒன்று, ஆலையே இடம் மாறியது. இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது: பெய்ஜிங் தன் கடைசிப் பெரிய நிலக்கரி மின் நிலையத்தை 2017 மார்ச்சில் நிறுத்தியது. ஆனால் நகரம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து கம்பி வழியாக வருகிறது, அதில் பெரும்பகுதி உள் மங்கோலியா, ஷான்ஷி, ஹெபெய் பகுதிகளின் நிலக்கரியில் உற்பத்தியானது. கட்டடத்துக்கான கம்பியும் சிமெண்டும் அப்படியே. வாங்குகிற ஊரில் புகை இல்லை. செய்கிற ஊரில் உண்டு. மூன்றாவது வழி காற்று. தாங்ஷானிலோ பாவோடிங்கிலோ ஒரு புகைபோக்கியிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் வாயு, அதாவது கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும். சில மணி நேரம் காற்றோடு போகும்போது அது ஈரப்பதத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து நுண்துகளாகிறது. வாயுவாக ஓர் ஊரை விட்டுப் புறப்பட்டது, அடுத்த ஊரில் தூளாக நுரையீரலுக்குள் போகிறது.

இரண்டாவது முடிவு: திட்டமும் தற்காலிக நிறுத்தமும்

2013 செப்டம்பரில் மத்திய அரசு காற்று மாசுத் தடுப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. பெய்ஜிங்-தியான்ஜின்-ஹெபெய் பகுதி 2017-க்குள் நுண்துகளை 25 சதவீதம் குறைக்க வேண்டும். பெய்ஜிங் சராசரி 60 அளவுக்கு வர வேண்டும். ஹெபெய் 6 கோடி டன் எஃகுத் திறனை மூட வேண்டும். இலக்குகளின் கனத்தைப் பார்த்தாலே தெரியும்: பெய்ஜிங்குக்கு ஓர் எண், ஹெபெய்க்கு ஒரு தொழில்.

2014 நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் உச்சி மாநாடு பெய்ஜிங்கில் நடந்தது. மறுபடியும் பக்கத்து மாகாணங்களில் ஆயிரக்கணக்கான ஆலைகளை நிறுத்தினார்கள். வானம் நீலமானது. தலைவர்கள் கிளம்பிய சில நாட்களில் புகைமூட்டம் திரும்பி வந்தது. மக்கள் அந்த நீலத்துக்கு மாநாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தற்காலிக நிறுத்தம் ஏன் நிற்கவில்லை என்று புரிய, எஃகு ஆலைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும். ஊதுலை, சுவிட்சைத் தட்டி அணைக்கிற இயந்திரம் கிடையாது. ஒருமுறை பற்றவைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து எரியும். மேலிருந்து தாதுவும் கல்கரியும் (நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் கோக்) இறங்கிக்கொண்டே இருக்கும், கீழிருந்து சூடான காற்று ஊதிக்கொண்டே இருக்கும், அடியில் 1,500 டிகிரிக்கு நெருக்கமான வெப்பத்தில் உருகிய இரும்பு தேங்கும். திடீரென்று குளிரவிட்டால் உள்சுவரின் செங்கல் வெடிக்கும். இரும்பு அடியில் உறைந்து போனால் அதை உடைத்தெடுப்பது மாதக்கணக்கு வேலை. அதனால் எச்சரிக்கை நாளில் உத்தரவு வந்தால் உலையைக் கல்கரியால் மூடி, காற்றைக் குறைத்து அமர்த்தி வைப்பார்கள். மறுபடி சூடேற்றும்போது சில நாட்கள் எரிபொருளும் புகையும் கூடுதல்.

நிறுத்தச் சுலபமானது அதற்கு முந்தைய கட்டமான, தாதுத் தூளைச் சுட்டுக் கட்டியாக்கும் சின்டர் பிரிவு. தாதுத் தூளையும் சுண்ணாம்பையும் கல்கரித் தூளையும் கலந்து, நகர்ந்துகொண்டே இருக்கும் இரும்புத் தட்டின் மேல் பரப்பி, மேலே தீ வைத்து, கீழிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். எஃகு ஆலை வெளியிடும் கந்தக டைஆக்சைடிலும் நைட்ரஜன் ஆக்சைடிலும் பெரும்பகுதி இந்த ஒரு பிரிவிலிருந்துதான் வருகிறது. இதை நிறுத்தினால் உலைக்குத் தீனி இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. ஆலை மேலாளர் ஒருவருக்கு முன்னால் இருந்த கணக்கு இதுதான்: உத்தரவை மதித்தால் உலைக்கு ஆபத்து, மதித்ததாகக் காட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது முடிவு: எல்லையை விரித்தது

2017-ல் பெய்ஜிங், தியான்ஜின் இரண்டோடு ஹெபெய், ஷான்ஷி, ஷாண்டாங், ஹெனான் மாகாணங்களின் 26 நகரங்களையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். காற்று பெய்ஜிங்குக்கு வரும் வழிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நகரங்கள் அவை. குளிர்காலச் சூடாக்கப் பருவத்தில் தாங்ஷான், ஷிஜியாஜுவாங், ஹான்டான், ஆன்யாங் போன்ற எஃகு நகரங்கள் உற்பத்தியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கிராமங்களில் நிலக்கரி அடுப்புகளுக்குப் பதில் எரிவாயுவும் மின்சாரமும் வர வேண்டும். 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குள் இந்தப் பகுதிக்கென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள்.

எண்கள் இறங்கின. 2017-ல் பெய்ஜிங் சராசரி 58. மூன்று பகுதிகளின் கூட்டுச் சராசரி 2013-ல் 106 இருந்தது 64 ஆனது. அந்தக் குளிர்காலத்தில் வடக்குக் காற்று அடிக்கடி வீசியதும் உதவியது. அதையும் சேர்த்துத்தான் இந்த வெற்றியை மதிப்பிட வேண்டும். இன்னொன்று: அதே 2017-ல் நாட்டின் மொத்த எஃகு உற்பத்தி கூடியது, சுமார் 83 கோடி டன். எஃகின் தேவை குறையாதபோது ஓரிடத்தில் குறைத்த உற்பத்தி வேறெங்கோ நடந்தாக வேண்டும்.

சுமை எங்கே விழுந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2017 டிசம்பரில் பாவோடிங்கைச் சேர்ந்த ஒரு கிராமப்புற வட்டத்தில், தொடக்கப்பள்ளிகளில் நிலக்கரியை நிறுத்திவிட்டார்கள். மாற்றுச் சூடாக்கும் வசதி நேரத்துக்கு வந்து சேரவில்லை. வகுப்பறை வெளியை விடக் குளிராக இருந்ததால் குழந்தைகள் மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். செய்தி வெளியானதும் அரசு உத்தரவைத் தளர்த்தி, வசதி வராத இடங்களில் நிலக்கரியை அனுமதித்தது. மாற்று வழி வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் பழையதை எடுத்துவிட்டால், யாருடைய உடம்பு அந்த இடைவெளியை நிரப்புகிறது என்று அந்த மைதானம் காட்டியது.

பணமும் கொஞ்சம் நகர்ந்தது. 2015-ல் பெய்ஜிங், லாங்ஃபாங்குக்கும் பாவோடிங்குக்கும் நிதி கொடுத்தது. தியான்ஜின், தாங்ஷானுக்கும் சாங்ஜோவுக்கும் கொடுத்தது. பெய்ஜிங்கின் ஆலையை ஏற்றுக்கொண்ட தாங்ஷான் அந்தப் பங்கீட்டில் தியான்ஜினின் பக்கம் போனது. காற்று வழியைப் பார்த்துப் பிரித்தார்கள், ஆலை வந்த வழியைப் பார்க்கவில்லை.

நான்காவது முடிவு: ஒரு டன்னுக்கு எவ்வளவு புகை

2019 ஏப்ரலில் எஃகுத் துறைக்கு மிகக் குறைந்த உமிழ்வு விதிகள் வந்தன. சின்டர் பிரிவின் புகையில் ஒரு கனமீட்டருக்குத் துகள் 10, கந்தக டைஆக்சைடு 35, நைட்ரஜன் ஆக்சைடு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புகைபோக்கியோடு விதிகள் நிற்கவில்லை. தாது கொட்டும் இடம், ஒரு கன்வேயர் பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குப் பொருள் விழும் இடம், மூடாத கிடங்கு எல்லாம் கணக்கில் வந்தன.

போக்குவரத்தும் வந்தது. ஒரு டன் எஃகுக்குத் தாது, நிலக்கரி, சுண்ணாம்பு, கசடு, முடிந்த பொருள் எல்லாம் சேர்த்துச் சுமார் ஐந்து டன் சரக்கு ஆலை வாசலைக் கடக்கிறது. அத்தனையும் டீசல் லாரியில் போனால் ஆலை சுத்தமாக இருந்தும் சாலை கறுக்கும். தாங்ஷானில் வசித்தவர்களுக்கு ஆலைப் புகையைப் போலவே லாரி வரிசையும் அன்றாடத் தொல்லை. பொருளில் குறைந்தது 80 சதவீதம் ரயில், கப்பல், மூடிய பட்டை போன்ற வழிகளில் போக வேண்டும் என்றது விதி.

இதோடு ஆலைகளுக்குத் தரவரிசையும் வந்தது. முதல் தரத்தில் இருக்கும் ஆலை எச்சரிக்கை நாளிலும் தானாக முடிவு செய்து இயங்கலாம். கீழே போகப் போகக் கட்டுப்பாடு கூடும். எல்லாரையும் ஒன்றுபோல் நிறுத்தியபோது சுத்தம் செய்யச் செலவழித்தவனும் செலவழிக்காதவனும் ஒரே தண்டனை அனுபவித்தார்கள். இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் வடிகட்டிக்குப் போட்ட பணத்துக்கு ஒரு பலன் கிடைத்தது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சரியானது என்று நினைக்கிறேன். காரணம் எளிது: புகையே உருவாகாமல் தடுத்தால் அது எங்கே போகும் என்ற கேள்வியே எழாது.

2021 மார்ச்

சரி, விதி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2021 மார்ச் 11 அன்று நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர் முன்னறிவிப்பு இல்லாமல் தாங்ஷானுக்குப் போனார். அன்று மாசு எச்சரிக்கை அமலில் இருந்தது. நான்கு ஆலைகள் குறைக்க வேண்டிய உற்பத்தியைக் குறைக்காமல், குறைத்ததாகப் பதிவேட்டை எழுதி வைத்திருந்தது தெரிந்தது. பொறுப்பானவர்கள் மேல் குற்ற நடவடிக்கை எடுத்தார்கள்.

அதன் பிறகு தாங்ஷானின் 23 ஆலைகள் ஆண்டு முடிவு வரை 30 முதல் 50 சதவீதம் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. விலக்குப் பெற்றவை இரண்டே இரண்டு. இரண்டுமே பெய்ஜிங்கிலிருந்து போன அதே நிறுவனத்தின் ஆலைகள்: ஒன்று சாவோஃபெய்தியனில், இன்னொன்று அதே தாங்ஷானைச் சேர்ந்த சியன்ஆனில். சியன்ஆன் ஆலைதான் முதலிலேயே முழு உற்பத்தி வரிசையிலும் மிகக் குறைந்த உமிழ்வை எட்டியது.

இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். நகர்ந்துபோன ஆலை அங்கே போய் மோசமாகிவிடவில்லை; ஒரு டன்னுக்கான கணக்கில் பழைய ஷிஜிங்ஷானை விட மிகவும் சுத்தமானது. ஆனால் அது போய்ச் சேர்ந்த ஊரில் ஏற்கெனவே இருந்த ஆலைகள் அதே வேகத்தில் மாறவில்லை, உற்பத்தியும் ஏறிக்கொண்டே போனது. 2020-ல் தாங்ஷான் மட்டும் 14 கோடி டன்னுக்கு மேல் எஃகு தயாரித்தது, நாட்டின் உற்பத்தியில் ஏழில் ஒரு பங்குக்கு நெருக்கம். வந்தவருக்கு ஒரு தரம், இருந்தவருக்கு வேறு தரம் என்று பத்தாண்டுக்கு மேல் ஓடியதற்கு விலை கொடுத்தது அந்த ஊர் மக்களின் மூச்சு.

விளைவு

பெய்ஜிங்கின் 2021 சராசரி 33. முதல் முறையாக நாட்டின் வரம்புக்குள் வந்தது. 2022 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகளில் சில ஷிஜிங்ஷானின் பழைய ஆலை வளாகத்திலேயே, குளிர்விப்புக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் நடந்தன. உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. நகரத்தின் சாதனை பெரியதுதான். வாகனம், வீட்டு நிலக்கரி, கொதிகலன்கள் என்று உள்ளூரில் செய்த வேலை அதில் அதிகம்.

ஹெபெயின் காற்றும் முன்பை விடத் தெளிந்திருக்கிறது. ஆனால் அங்கே அதே பழக்கம் சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. 2020-ல் தாங்ஷான் நகருக்குள் இருந்த பெரிய எஃகு ஆலை ஒன்று மூடப்பட்டது. அதன் புதிய இடம் கடலோரத்தில் இருக்கும் லாவோதிங் வட்டம். ஷிஜியாஜுவாங்கிலும் ஹான்டானிலும் நகர ஆலைகள் வெளிவட்டங்களுக்குப் போயின. தலைநகர் தன் அண்டை நகரத்துக்குச் செய்ததை, அந்த நகரங்கள் இப்போது தங்கள் அண்டை வட்டங்களுக்குச் செய்கின்றன.

என்ன மாற வேண்டும்

முதலாவது, இடமாற்ற அனுமதி. ஒரு ஆலை புறப்படும் ஊரில் எவ்வளவு மாசு குறையும் என்பதை மட்டும் வைத்து அனுமதி தருவதை நிறுத்த வேண்டும். போய்ச் சேரும் ஊரில் ஆலை வருவதற்குக் குறைந்தது ஓர் ஆண்டு முன்பே அளவீட்டு நிலையங்கள் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும், அங்குள்ள மக்களின் மூச்சுக் கோளாறுகள் பற்றிய அடிப்படைப் பதிவும் இருக்க வேண்டும். சாவோஃபெய்தியனில் முதல் உலை 2009-ல் எரிந்தது. நகரங்களின் நுண்துகள் அளவு மக்களுக்குத் தெரிய ஆரம்பித்தது 2013-ல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அங்கே என்ன மாறியது என்று அந்த ஊர்க்காரர் கேட்டால் காட்டுவதற்கு எண் கிடையாது.

இரண்டாவது, நகரத்தின் மாசுக் கணக்கில் அது வாங்கும் மின்சாரமும் எஃகும் சிமெண்டும் இடம்பெற வேண்டும். பெய்ஜிங் தன் மின் நிலையங்களை மூடியதைத் தவறென்று சொல்லவில்லை. மூடிய கணக்கு ஒரு பக்கமும், வாங்கிய கணக்கு இன்னொரு பக்கமும் ஒரே தாளில் இருந்தால்தான் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று பேச முடியும். நிதிப் பங்கீடும் அந்தத் தாளைப் பார்த்து நடக்க வேண்டும். ஒரு நகரத்தின் ஆலையை இன்னொரு நகரம் ஏற்றுக்கொண்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆலைகளைச் சுத்தம் செய்யும் செலவில் ஒரு பங்கை அனுப்பிய நகரமே ஏற்கலாம். 2005-ல் இதைச் செய்திருந்தால் தாங்ஷானில் மற்ற ஆலைகளுக்குச் சின்டர் வடிகட்டிகள் பத்து ஆண்டுகள் முன்பே வந்திருக்க வாய்ப்புண்டு.

எச்சரிக்கை நாள் நிறுத்தங்களைப் பற்றி: அவற்றை முழுக்கக் கைவிட முடியாது, காற்று தேங்கும் வாரங்களில் வேறு வழி இருக்காது. ஆனால் எந்த ஆலை எதை நிறுத்தும், உலையை எப்படி அமர்த்தும் என்பது குளிர்காலம் தொடங்கும் முன்பே ஆலை வாரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சரிபார்ப்பும் பதிவேட்டை நம்பி இருக்கக் கூடாது. மின் பயன்பாடு, வாசலைக் கடக்கும் லாரிகளின் எண்ணிக்கை, சின்டர் விசிறியின் ஓட்டம், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆலை ஓடியதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் பொய்யாக எழுதுவது கடினம்.

அப்புறம் லாவோதிங் போன்ற வட்டங்கள். ஆலைகள் அங்கே இப்போதுதான் வேரூன்றுகின்றன. மீனவர்களும் நெல் பயிரிடுவோரும் வாழும் கடலோரம் அது. பெய்ஜிங்குக்கும் தாங்ஷானுக்கும் இருக்கும் அளவு நெருக்கமான அளவீட்டு நிலையங்களை அங்கேயும் நிறுவி, அந்த எண்களை மணிக்கு மணி அந்த மக்களே பார்க்கும்படி வெளியிடுவதை அடுத்த அனுமதிக்கு முன்நிபந்தனையாக வைக்க வேண்டும்.